ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டார்க்வில் ஒரு முடிவோடு கண் விழித்தார். இன்று தன் மனைவியை ஒரு நாயிடமிருந்து மீட்டே தீருவது.

நாய் என்றால் ஆளைக் கடித்துக் குதறும் நாய் இல்லை. கெய்ர்ன் டெரியர் என்ற எலி பிடிக்கும் ஜாதி. முழங்காலுக்கு எட்டாத உருவம். குளிரும் மழையுமான அந்த ஸ்கை தீவு முழுக்கத் தன் பெயரில்தான் இருக்கிறது என்ற நினைப்பு. பெயர் பிராக். எலியைத் துரத்திக் கற்குவியலுக்குள் நுழைந்தால் மன்னரே வந்து அழைத்தாலும் வெளியே வராது. அவர் மனைவி எஃபி மெல்லக் கூப்பிட்டால் மட்டும் வரும்.

அதன் முரட்டு முடியை வெட்டக் கூடாது. பழுத்து உதிரப்போகும் முடியை விரலால்தான் பிடுங்க வேண்டும். அதற்காக எஃபி தினமும் மாலையில் அதை மேசைமேல் நிறுத்திக்கொள்வாள். விரல் பிடுங்கும், வாய் பேசும். கிளாஸ்கோ மகளின் கடிதம், பக்கத்து வீட்டுப் பசுவின் கால்வலி, எல்லாம் நாய்க்கு. புருஷனுக்கு இரண்டே வாக்கியம்: 'டீ ஆறுது.' 'பூட்ஸை வெளியே விடுங்க.' டார்க்வில் அடுப்பருகே உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்.

முடியே இல்லாவிட்டால்? நாற்பது வருடம் ஆட்டுக்கு ரோமம் கத்தரித்த கை அவருடையது. முதுகுவலி என்று படுத்துக்கொண்டார். எஃபி தனியாகச் சர்ச்சுக்குப் போனாள். பத்தே நிமிடம். எலி பிடிக்கிற நாய் எலி மாதிரியே ஆகிவிட்டது.

"யாரு இது?" என்றாள் திரும்பி வந்த எஃபி.

"நம்ம பிராக்தான். பாவம், புழுக்கம் தாங்கல..."

"ஸ்கையிலயா?"

டார்க்வில் கூரையைப் பார்த்தார்.

"முதுகு எப்படி இருக்கு?"

"தேவலை."

"தெரியுது. நல்லாக் குனிஞ்சு வேலை பாத்திருக்கீங்க."

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. "இனிமே பிடுங்க ஒண்ணுமில்ல. சாயங்காலம் சும்மாதானே இருப்பே? என்கிட்ட நாலு வார்த்தை பேசேன், எஃபி. ஆளில்லாத வீட்ல இருக்கற மாதிரி இருக்கு."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. "முப்பது வருஷம் உங்ககிட்டதான் பேசினேன். 'ம்'னுட்டுப் பேப்பரைத் திருப்புவீங்க. இவன் காதைத் தூக்கிட்டுக் கேக்கறான்."

"இப்ப நான் கேக்கறேன்மா."

"அப்ப கேளுங்க. இன்னிக்கு என்ன கிழமை?"

டார்க்வில் அவசரமாக எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், வேலை செய்வது பாவம் என்று, துணி உலர்த்தினாலே ஒரு மாதம் பேசுகிற ஊர் அது.

"நேத்து இவனை முடியோட ஊரே பாத்துச்சு. நாளைக்கு மொட்டையாப் பாக்கும். பாதிரியார் கேட்டா நான் என்ன சொல்ல?"

"ஏதாவது சொல்லிச் சமாளியேன்!"

"சனிக்கிழமை ராத்திரியே வெட்டியாச்சுன்னு சொல்றேன். பொய் சொன்ன பாவம் எனக்கு. பரிகாரம் உங்களுக்கு. இனி முளைக்கறது பஞ்சு மாதிரி வரும், மழைத்தண்ணி உள்ள இறங்கும். தினம் உக்காந்து பிடுங்கினாத்தான் பழைய முடி வரும். ஒரு வருஷமாவது ஆகும். நீங்கதான் பிடுங்கணும்."

"நீ பக்கத்துல இருப்பேல்ல?"

"நானா? பாட்டுக் குழுவுல ஆறு வருஷமாக் கூப்பிடறாங்க. இந்த முடிதான் என்னை விடல."

ஆறு வாரத்தில் முடி தலைகாட்டியது. எஃபி சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி கிளம்பினாள். டார்க்வில் நாயை மேசைமேல் நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, முதுகு இப்போது நிஜமாகவே வலிப்பதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பிராக் குதித்து இறங்கி, வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

அவரும் நாற்காலியை இழுத்துப் போய் அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். எஃபி வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.