தாந்தாவில் இருபது நல்ல பற்கள்

அலெக்சாந்திரியாவில் பல் மருத்துவ மேற்படிப்புப் படிக்கும் என் அக்கா மகள், மதிப்பிற்குரிய டாக்டர் நெர்மீனுக்கு, தாந்தாவிலிருந்து மாமா ஷெஹாதா எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் நானும் மாமி இஃதிதாலும் கடையும் சுகமாக இருந்தோம், உன் இரண்டு ஜாடிகளும் வந்து இறங்கும்வரை.

சொத்தைப் பல்லில் பசை எப்படிப் பிடிக்கிறது, நல்ல பல்லில் எப்படிப் பிடிக்கிறது, இயந்திரத்தில் மாட்டி இழுத்தால் எது முதலில் பிய்கிறது என்று பார்க்கப் போகிறாயாம். தாராளமாகப் பார். அதற்குப் பிடுங்கிய பல் சொத்தையில் இருபது, நல்லதில் இருபது வியாழனுக்குள் வராவிட்டால் பேராசிரியர் உன் ஆய்வை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடுவாராம். அதுவும் புரிகிறது. ஆனால் நல்ல பல்லை யாரிடம் கேட்கிறாய் அம்மா? மிட்டாய்க்கே பேர்போன தாந்தாவில், நாற்பது வருஷமாக எள் மிட்டாயும் கடலை மிட்டாயும் விற்கிறவனிடம்!

சொத்தை ஜாடி இரண்டே நாளில் நிரம்பிவிட்டது. எதிர் மாடிப் பல் டாக்டர் ரஊஃப் இன்னும் ஒரு கூடை தரட்டுமா என்கிறார். அதைக் கடை மேசையில் வைத்ததுதான் நான் செய்த பிழை. கொறிப்பதற்கு உப்புத் தண்ணீரில் ஊறும் துர்முஸ் பருப்பு என்று நினைத்து, மிட்டாய் வாங்க வந்த ஹஜ்ஜா தவ்ஹீதா கையை விட்டு ஒரு பிடி அள்ளிவிட்டாள்.

"என்னய்யா இது ஷெஹாதா?"

"பல்லு, ஹஜ்ஜா. ஆராய்ச்சிக்கு."

"யாரு பல்லு?"

"நம்ம ஊர்க்காரங்க பல்லுதான்."

"அடப்பாவி! மிட்டாய வித்துப் பல்லக் கெடுத்ததும் இல்லாம, கெட்டதை எல்லாம் பொறுக்கி ஊற வேற போட்டிருக்கியா?"

அன்றிலிருந்து வருகிறவர்கள் ஜாடியைப் பார்க்கிறார்கள், மிட்டாய்த் தட்டைப் பார்க்கிறார்கள், ஒரு கிளாஸ் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

நல்ல பல்லுக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே! ரஊஃபின் மாடிப்படியில் உட்கார்ந்து ஏறுகிறவர் இறங்குகிறவரை எல்லாம் வாயைத் திறக்கச் சொன்னேன். கம்பி கட்ட இடம் வேண்டிப் பல் எடுக்க வந்த பெண்கள், இடமில்லாமல் கோணி முளைத்த கடைவாய்ப் பற்கள் என்று பத்தொன்பது தேறியது. இருபதாவது கிடைக்கவே இல்லை. அப்போதுதான் அந்த ரஊஃப், "உங்க கடைவாய்ப் பல்லே சாஞ்சுதான் நிக்குது, எடுத்துடலாமே" என்றார். உன் மாமி துள்ளிவிட்டாள்.

"எடுங்க டாக்டர்! சர்க்கரை வியாதி வந்ததுலேருந்து பதினோரு வருஷமா இனிப்பே தொடாத வாய். இவரு பல்லு முத்து!"

நான் என்ன சொல்லித் தப்பிப்பது? இனிப்பைத் தொடமாட்டேன் என்று அவள் எதிரில் செய்த சத்தியம் ஊருக்கே தெரியும். உட்கார்ந்தேன். பிடுங்கினார். கன்னம் வீங்கிப்போய், வெறும் கஞ்சியில் உயிர் வாழ்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். உன் பட்டம் நீடூழி வாழட்டும், உன் பசை பிய்யாமல் இருக்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

மாமா ஷெஹாதா

பி.கு.: நல்ல ஜாடியில் பஞ்சு சுற்றிய பல் என்னுடையது. பின்பக்கம் மிளகு நுழையும் ஓட்டை. ரஊஃப் பல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாமி எட்டிப் பார்க்குமுன் பஞ்சைச் சுற்றிவிட்டார். அதைச் சொத்தை ஜாடிக்கு மாற்றிவிடு. மாமி கேட்டால் முத்து என்றே சொல். இருபதாவதுக்கு வழியில்லை. என்னை மன்னித்துவிடு.

மறு பி.கு.: நெர்மீன் கண்ணு, பார்சலக் கட்டுறது மாமி. பஞ்ச நானும் பிரிச்சுப் பாத்தேன். அவரு சட்டையத் துவைக்கிறவ நான்தானே, பதினோரு வருஷமா பையில எள்ளு உதிருது. எனக்கும் ஒரு கடைவாய்ப் பல்லு எடுக்கணும்னு டாக்டர் ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாரு, இன்னைக்குக் காலையில எடுத்துட்டேன். நல்ல ஜாடியில போட்டிருக்கேன், இருபது சரியா இருக்கும். மாமாகிட்ட மூச்சு விடாத. எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறதாலதான் ஒரு நாளைக்கு ஒண்ணோட நிறுத்திக்கிறாரு.