ஆகாட்டு மாமாவும் சைவ நாயும்

மட்டாஞ்சேரியில் ஒரு காலத்தில் இருந்த நாய்கள் எல்லாம், தெருநாய், வீட்டுநாய், கப்பல்காரன் விட்டுவிட்டுப் போன சீமைநாய் உட்பட, ஒரே ஒரு மனிதருக்கு முன்னால்தான் வாயைத் திறந்துகொண்டு சாதுவாக நின்றன. மற்றவர்களுக்கு முன்னால் அவை வாயைத் திறந்தது கடிப்பதற்காக. அந்த மனிதரை ஊர் முழுக்க ஆகாட்டு மாமா என்று கூப்பிட்டது. நிஜப்பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

தொண்டை வலி என்று அழுகிற குழந்தையிடம் "ஆ காட்டு" என்று சொல்வோமே, அதை அவர் நாயிடம் சொல்வார். எதிரே குந்தி உட்கார்ந்து, தானும் வாயைப் பிளந்து, "ஆ காட்டு, ஆ காட்டுடா என் ராஜா" என்பார். இந்த மனிதருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நாய் அசந்து வாயைத் திறக்கும். அந்த நொடியில் இவர் கை உள்ளே போயிருக்கும்.

ஐம்பதுகளின் கடைசியில் பஜாரில் ஒரு மிளகு, சுக்குக் கம்பெனியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பாலக்காட்டிலிருந்து வந்த புதிது. மாமாவுக்கும் அதே கம்பெனிதான். வருகிற சாக்கில் குத்தூசியைச் செருகி, பிடி மிளகு உருவி, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, சரக்கு தேறுமா தேறாதா என்று சொல்வது அவர் ஜோலி. சாக்கை வெளியிலிருந்து பார்த்து நல்ல சரக்கு என்று யாராவது சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "உள்ள என்ன இருக்குன்னு பார்த்தையோ? பார்க்காம என்னத்துக்காக்கும் பேசறாய்?" என்பார். நாயையும் ஒரு சாக்காகத்தான் அவர் பாவித்தார்.

பஜாரில் எந்தக் கிடங்குக்கும் காவலுக்கு நாய் வேண்டும். குட்டி வாங்குகிறவர்கள் முதலில் இவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். நமக்குக் கையில் ரேகை என்றால் நாய்க்கு மேலண்ணத்தில் ரேகை என்பது மாமாவின் சித்தாந்தம். நாயின் வாய்க்குள் மேலே பார்த்திருக்கிறீர்களோ? புதிதாகக் கொத்தின அம்மி மாதிரி குறுக்கே குறுக்கே வரி ஓடும். முன்பற்களுக்குப் பின்னால் மிளகளவு ஒரு மேடு இருக்கும். மேட்டிலிருந்து முதல் வரி ஆயுசு, அடுத்தது எஜமான விசுவாசம், அதற்கப்புறம் குரல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். எல்லாம் அவரே கட்டினது. பலித்ததைவிடப் பலிக்காததுதான் அதிகம்.

ஒரு கொப்பரை வியாபாரிக்கு அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த குட்டியின் நாக்கில் கறுப்பாகத் திட்டுத் திட்டாக மச்சம். "கருநாக்காக்கும். இது குரைச்சா பலிக்கும். திருடன் அடுத்த தெருவுக்கு வரமாட்டான்" என்றார். திருடன் வந்தான். வந்து, நாயைத் தடவிக்கொடுத்துவிட்டு, கொப்பரையைத் தூக்கிக்கொண்டு போனான். வியாபாரி சண்டைக்கு வந்தபோது மாமா அசரவில்லை. "பலிக்கும்னு சொன்னேனே தவிர, குரைக்கும்னு சொன்னேனோ?" என்று கேட்டார்.

இத்தனைக்கும் மனிதர் ஆசாரக்காரர். எச்சில், பத்து என்று ஆயிரம் பார்ப்பார். தம்ளரை உதட்டில் வைத்துக் காப்பி குடிக்கிறவனை ஏற இறங்கப் பார்ப்பார். நாங்கள் சாப்பிட்ட மெஸ்ஸை நடத்திய அம்மிணி மாமிக்கு இது பொறுக்காது.

"நாய் வாயில விட்ட கையோட என் சமையல்கட்டுப் பக்கம் வரப்படாது, சொல்லிட்டேன்."

"இடது கையாக்கும் மாமி. அதுக்கு ஏற்கெனவே ஒரு மரியாதையும் கிடையாது. புதுசா என்ன கெட்டுப்போச்சு?"

"போய்க் குளிச்சுட்டு வாங்கோ."

போய்க் குளித்துவிட்டு வருவார். ஒரு நாளைக்கு எத்தனை நாய் பார்த்தாரோ அத்தனை முழுக்கு. மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த குளத்துத் தவளைகளுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் பெரிய விவாதம். நாய் தண்ணீர் குடிக்கும்போது நாக்கைக் கரண்டி மாதிரி மேல்பக்கம் மடக்குகிறது என்று நாங்கள். இல்லை, கீழ்ப்பக்கமாகப் பின்னுக்கு மடக்குகிறது என்று மாமா. வார்த்தை தடித்துவிட்டது. அவர் எழுந்து போய்த் தெருவிலிருந்து ஒரு நாயை அழைத்துவந்து, முற்றத்தில் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தார். நாக்கைச் சரியாகப் பார்க்கவேண்டுமானால் தரை மட்டத்துக்குக் கண் வரவேண்டும். எனவே மெஸ்ஸில் இருந்த அத்தனை ஆண்பிள்ளைகளும் சட்டையில்லாமல் நாயைச் சுற்றிக் குப்புறப் படுத்துக்கொண்டோம். அந்த நேரம் பார்த்துச் சுள்ளிக்கல்லிலிருந்து வீட்டுக்காரர் வாடகை வாங்க வந்தார். உள்ளே நடுவில் நாய், சுற்றிலும் பூணூல் போட்டவர்கள் சாஷ்டாங்கமாக. அவர் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

"பைரவர் பூஜையா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக்கூடாதா?" என்று பிறகு ரொம்பக் குறைப்பட்டுக்கொண்டார். விவாதத்தில் மாமா சொன்னதுதான் சரி. நாக்கு பின்பக்கமாகத்தான் மடங்குகிறது. ஆனால் வீட்டுக்காரருக்குச் சுண்டல் கொடுத்து அனுப்பவேண்டி வந்ததில் மாமிக்குக் கோபம்.

இனி சுக்கின் கதைக்கு வருகிறேன்.

சுக்கு எங்கள் கம்பெனி நாய். நிறம் அப்படி, அதனால் பெயர் அப்படி. பள்ளுருத்தியிலிருந்து மாமாதான் அதைக் குட்டியாகத் தூக்கிவந்தார். ஆபீஸில் எல்லோரையும் கூப்பிட்டு வாயைப் பிளந்து காட்டினார். "வரி எல்லாம் நடுவுல வந்து எப்படிச் சேர்றது பாருங்கோ. மாமிசம் தின்கிற ஜாதிக்கு இப்படிச் சேராது. இது சைவ அண்ணமாக்கும்." எங்கள் முதலாளி குஜராத்தி சேட், வெங்காயம்கூடத் தொடாதவர். ஆபீஸில் மற்றவர்கள் நாங்கள் எல்லாம் தயிர்சாதக் கோஷ்டி. கேட்கவேண்டுமா? சுக்கு சைவ நாய் என்பதில் எங்களுக்கு அப்படியொரு பெருமை. மத்தியானம் ஆளுக்கொரு உருண்டை தயிர்சாதம் போடுவோம். கொடுத்ததை நக்கிவிட்டு வாலை ஆட்டும். மீன்வாடை அடிக்கிற தெருவில் கிடங்கு இருந்தும் நம் நாய் எப்படி இருக்கிறது பார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வோம்.

ஒருநாள் சுக்கு தயிர்சாதத்தை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. வாய் பாதி திறந்தபடி இருந்தது. எச்சில் நூல் நூலாகத் தொங்கியது. முன்னங்காலால் மூஞ்சியைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று நான் குனிந்து தலையைத் தடவினேன். வெடுக்கென்று திரும்பியதில் அதன் பல் என் விரலில் கீறி ரத்தம் வந்துவிட்டது.

வாட்ச்மேன் வாசு சேட்டன் என்னைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "சாரே, அதைத் தொடண்டா. பேப்பட்டி" என்றார். மலையாளத்தில் பேப்பட்டி என்றால் வெறிநாய். எனக்கு அந்த வார்த்தை அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

தண்ணீர் வைத்துப் பார்த்தார்கள். சுக்கு ஆசையாகக் கிட்டே போய், நாக்கை விட்டு, ஈனஸ்வரத்தில் முனகிக்கொண்டு பின்வாங்கியது. அவ்வளவுதான், தீர்ப்பாகிவிட்டது. அதை உள்கிடங்கில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். காலையில் முனிசிபாலிட்டி ஆள் வந்து அடித்துப்போடுவான் என்று சேட் சொன்னார். என்னை எரணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். காலையில் முதல் படகில் போகிறேன் என்று சொல்லிவிட்டு மெஸ்ஸுக்கு வந்து படுத்தேன். அம்மிணி மாமி அழுதாள். அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது.

எனக்குச் சாவு என்றால் பயம். இதைச் சொல்வதில் வெட்கமில்லை. வெறி பிடித்தவனுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் வரும் என்று கேட்டிருந்தேன். எனவே வந்துவிட்டதா என்று பார்க்கத் தம்ளர் தம்ளராகத் தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டு படகுத்துறைக்குப் போய்க் காயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நீச்சல் தெரியாதவனுக்கு அது எப்போதும் இருக்கிற பயமா, புதுசா என்று புரியவில்லை.

காலையில் படகுக்குப் போகிற வழியில் கம்பெனி வாசலில் கூட்டம். முனிசிபாலிட்டி ஆள் தடியும் கயிறுமாக வந்திருந்தான். மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் மூங்கில் கழியோடு ஒதுங்கி நின்றார்கள். ஒருவர், நாக்குக்கு அடியில் புழு இருக்கும், அதை அறுத்து எடுத்தால் வெறி இறங்கிவிடும் என்றார்.

"எல்லா நாய்க்கும் நாக்குக்கு அடியில அது உண்டு. நரம்பாக்கும், புழுவில்லை. அதை அறுத்துட்டு நாய் எதை வச்சுத் தண்ணி குடிக்கும்?" என்று ஒரு குரல் கேட்டது. மாமா. குளித்து, விபூதி இட்டு, ஈர வேஷ்டியோடு நின்றுகொண்டிருந்தார். நேராகச் சேட்டிடம் போனார்.

"சேட்ஜி, அதுக்கு ஆயுசு வரி நீளம்னு சொன்னவன் நான். இப்போ சாகப்போறதுன்னா எங்கேயோ தப்பா பார்த்திருக்கேன். ஒரே ஒரு தடவை வாயைப் பார்த்துக்கறேன்."

"பைத்தியமா ஐயர்? வேண்டாம்" என்றார் சேட்.

"சாம்பிள் பார்க்காம நம்ம கம்பெனியில எந்தச் சரக்கையாவது தள்ளியிருக்கோமோ?"

சேட் வாயைத் திறப்பதற்குள் அவர் உள்கிடங்குக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். இதைப் படிக்கிறவர்கள் யாரும் இந்த வேலையைச் செய்யவேண்டாம். வெறிநாய் வாயில் கை விடுவது வீரமில்லை, முட்டாள்தனம். நான் வாசலில் நின்று பார்த்தேன். சுக்கு மூலையில் சுருண்டு கிடந்தது. மாமா எதிரே குந்தி உட்கார்ந்தார். தன் வாயைப் பிளந்தார். "ஆ காட்டுடா என் ராஜா" என்றார்.

சுக்கு ஏற்கெனவே ஆ காட்டிக்கொண்டுதான் இருந்தது. மூட முடியாமல் இருந்தது என்பதை அதுவரை ஒருவரும் யோசிக்கவில்லை. மாமா கையை விட்டார். ஆயுசு வரியைத் தாண்டி விரல் உள்ளே போயிற்று. அவர் முகம் மாறியது. விரலை வளைத்து முன்பக்கமாக நெம்பினார். சுக்கு ஒருமுறை வீலென்றது. மாமாவின் விரலில் ஒரு எலும்பு வந்தது. நல்ல தடியான ஆட்டெலும்புத் துண்டு. கடைவாய்ப் பற்களுக்கு நடுவே, மேலண்ணத்துக்குக் குறுக்கே, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டமாதிரி அது மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

சுக்கு வாயை மூடிற்று. திறந்தது. மறுபடி மூடிப் பார்த்தது. பிறகு எழுந்து நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போய், நாக்கைப் பின்பக்கமாக மடக்கி மடக்கி, ஒரு நாள் தாகத்தையும் சேர்த்துக் குடித்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் மிளகுச் சாக்கின்மேல் உட்கார்ந்து அழுதேன். உயிர் திரும்பி வந்தவன் அழாமல் என்ன செய்வான்?

சேட் மட்டும் அந்த எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது சைவம் இல்லையா?" என்றார்.

வாசு சேட்டன் தலையைச் சொறிந்தார். "சாரே, இவன் எல்லா நாளும் பின்தெருவில பிரியாணிக் கடை வாசல்லதான். நிங்கள் எல்லாரும் சங்கடப்படுவீங்களேன்னு நான் பறஞ்ஞதில்லை."

சுக்கு பிரியாணிக் கடைக்குப் போவது மட்டாஞ்சேரி முழுக்கத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்தவர்கள் தயிர்சாதக் கோஷ்டியாகிய நாங்கள் மட்டும்தான். நாய் எலும்பு தின்னும் என்று ஒரு சின்னக் குழந்தை சொல்லியிருக்கும். நாங்கள் அதைக் கொல்ல ஆள் கூப்பிட்டோம்.

மாமா எலும்பைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "சைவ அண்ணம்னு சொன்னேன். என் ஜோசியம் சுத்தப் பொய். நல்லகாலம்" என்றார். ஜோசியம் பொய்த்ததற்கு அத்தனை சந்தோஷப்பட்ட ஜோசியரை நான் அப்புறம் பார்க்கவில்லை. முனிசிபாலிட்டி ஆள் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசு சேட்டனோடு சாயா குடிக்கப் போனான்.

மாமா குளிக்கக் கிளம்பினார். நானும் கூடவே நடந்தேன். குளத்துப் படியில் அவர் வேஷ்டியை மடித்துக் கட்டப் பார்த்தார். முடிச்சு நிற்கவில்லை. நான் கட்டிவிட்டேன்.

"மாமா, ஒருவேளை நெஜமாவே வெறியா இருந்திருந்தா?"

"இருந்திருந்தா என்ன? ரெண்டு பேருமா எரணாகுளத்துக்குப் போய் ஊசி போட்டுண்டிருப்போம்" என்றார் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "தனியா போறதுக்கு நீ பயந்து பேடிச்சிண்டிருந்தாய், கேட்டியோ."

சொல்லிவிட்டு முங்கினார். அவர் கரையேறும்வரை நான் அவருடைய துண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றேன்.