எட்டு மணிக் காப்பியில் விஷம் வைத்தது யார்?

ஆவடி குவார்ட்டர்ஸில் எத்திராஜோடு உட்கார்ந்து ஒரு மர்மப் படம் பார்த்தவர்கள், மறுபடி அந்தத் தப்பைச் செய்ததில்லை. திரையில் பிணம் விழுந்து சூடு ஆறுவதற்குள், "தோட்டக்காரன்தாம்பா போட்டுட்டான்" என்பான். உரக்கச் சொல்வான். அது பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும். எதிர்வீட்டு ரேகா ஒருமுறை பாதிப் படத்தில் டிவியை அணைத்துவிட்டு, "உங்களுக்கு சமோசா கிடையாதுண்ணா" என்று தட்டோடு எழுந்து போயே விட்டாள்.

தொழிற்சாலையில் வெல்டராக இருப்பதுதான் காரணம் என்பது எத்திராஜின் சித்தாந்தம். "இரும்புல விரிசல் எங்க கீதுன்னு பாக்கற கண்ணு. கதையில விரிசல் தெரியாதா?"

அப்பேர்ப்பட்ட கண்ணுக்குச் சொந்தப் பெண்டாட்டி செய்துகொண்டிருந்தது தெரியவில்லை. ஒரு நாள் தட்டில் அடையைப் போட்டபடியே கோமளா சொன்னாள்:

"இன்னாங்க, கிளப்புல நாடகம் போடறாங்க. நான் நடிக்கிறேன்."

அடை தொண்டையிலேயே நின்றது. தண்ணீர் குடித்து அதை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் பேச முடிந்தது.

"நீயா? ஸ்டேஜிலயா?"

"பின்ன, சமையக்கட்டுலயா நாடகம் போடுவாங்க? 'எட்டு மணிக் காப்பி'ன்னு பழைய மர்ம நாடகம். ஹீரோயின் வேஷம். திருவேங்கடம் சார்தான் டைரக்டர். தினம் சாயங்காலம் ரிகர்சல்."

"அப்ப ராத்திரி சோறு?"

"குக்கர் எங்க கீதுன்னு கண்டுபுடிங்க. கொலைகாரனையே கண்டுபுடிக்கிறீங்களே!"

"அதெல்லாம் முடியாது. நடிப்புகிடிப்பு ஒண்ணும் வாணாம்."

கோமளா கோபிக்கவில்லை, அழவில்லை. அப்போதே எத்திராஜ் உஷாராகியிருக்க வேண்டும். அவள் இன்னொரு அடையைப் போட்டாள்.

"ஒரு பந்தயம் வெச்சுக்கலாம். இந்த நாடகத்தை அந்தக் காலத்துலயே படமா எடுத்துக்கீறாங்க. நடிக்கறவங்களுக்காக ஞாயித்துக்கெழமை கிளப்புல போடறாங்க. இடைவேளையில நீங்க மைக்கைப் புடிச்சு கொலைகாரன் யாருன்னு சொல்லுங்க. கரெக்ட்டா இருந்தா நான் நடிக்கல. தப்பா இருந்தா நான் சொல்றதை நீங்க கேக்கணும்."

"இத்தினி நாளு கேக்காமயா கீறேன்?" என்றான் எத்திராஜ். ஆனால் பந்தயத்துக்குச் சம்மதித்தான்.

என்னதான் கண் இருந்தாலும் காவலுக்கு ஆள் இருந்தால் நல்லது. ரகசியமாக நெட்டில் தேடினான். அந்தப் படத்திலிருந்து ஒரு தாலாட்டுப் பாட்டுதான் வந்தது. தாலாட்டில் கொலைகாரன் பெயர் இல்லை. அப்போதுதான் பொறி தட்டியது. திருவேங்கடம்! தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் இதே நாடகத்தில் நடித்தவர். சனிக்கிழமை ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு கரையான்சாவடியில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

சுற்றி வளைத்துத்தான் கேட்டான். "சார், அந்த நாடகத்துல கொலைகாரன் வேஷம் கட்டறது கஷ்டமாச்சே. யாரு கட்டினாங்க?"

"யாரா? நான்தான் தம்பி! டாக்டர் வேஷம்." திருவேங்கடத்தின் கண் பளபளத்தது. "மருந்துப் பையிலேர்ந்து விஷத்தை எடுத்துக் காப்பியில கலப்பேன் பாரு, திருமழிசையில ஒருத்தன் செருப்பையே வீசிட்டான். ஒத்தச் செருப்பு. இன்னொண்ணும் கிடைச்சிருந்தா போட்டிருப்பேன்."

எத்திராஜ் பைக்கில் திரும்பும்போது வழியெல்லாம் விசிலடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹாலில் கால் வைக்க இடமில்லை. கறுப்பு வெள்ளைப் படம். பங்களாக்காரர் எட்டு மணிக்குக் காப்பி குடிக்கிறார். நாற்காலியில் அப்படியே சாய்கிறார். தம்பி திருதிருவென்று முழிக்கிறான். டாக்டர் அடிக்கடி பையைத் திறந்து மூடுகிறார். பாவம், பெண்டாட்டி மட்டும் தூணைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். எத்திராஜ் சிரித்துக்கொண்டான்.

இடைவேளை வந்தது. மைக்கைத் தட்டிப் பார்த்தான். "தாய்மார்களே, பெரியோர்களே! கொலைகாரன் டாக்டர்! மருந்து கொடுக்கற கைதான் விஷமும் கொடுத்துக்கீது!"

"நாசமாப் போச்சு" என்று ரேகா தலையில் அடித்துக்கொண்டாள். ஹாலே முனகியது. கோமளா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எத்திராஜுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

கடைசிக் காட்சி. போலீஸ் டாக்டரின் பையைக் கவிழ்க்கிறது. உள்ளே இருமல் மருந்துதான். அப்போது தூணைக் கட்டி அழுதுகொண்டிருந்த பெண்டாட்டி அழுகையை நிறுத்துகிறாள். கண்ணைத் துடைக்கிறாள். சிரிக்கிறாள்.

"கல்யாணமான நாளிலிருந்து காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒரு நாளாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னாரா?"

எத்திராஜ் நாற்காலி நுனிக்கு வந்தான். இவளா? தூணைக் கட்டிக்கொண்டு அழுதவளா? தானும் ஒரு நாளாவது சொல்லியிருக்கிறோமா என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை. மெல்லத் திரும்பிப் பக்கத்தில் பார்த்தான். கோமளா நிதானமாக முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு போட்டதும் ஹால் மொத்தமும் அவனைப் பார்த்துக் கை தட்டியது. எத்திராஜ் திருவேங்கடத்தை நோக்கிப் பாய்ந்தான்.

"இன்னா சார் இது! டாக்டர்னு சொன்னீங்களே!"

"நாடகத்துல டாக்டர்தான் தம்பி. நாடகம் பாத்தவங்களுக்கு முடிவு தெரிஞ்சிருக்குமேன்னு, படத்துல ஆளை மாத்திட்டாங்க. நீ நாடகத்தைத்தானே கேட்ட?" அவர் கோமளாவைக் கைகாட்டினார். "அதுதான் முன்னாடியே சொல்லிச்சு. 'எங்க ஊட்டுக்காரர் ஏதாவது பழம் வாங்கிகினு வருவாரு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார்'னு."

எத்திராஜ் பக்கத்திலிருந்த நாற்காலியில் தொப்பென்று சாய்ந்தான்.

"அடடா, எவ்வளவு இயற்கையா சாயறீங்க!" என்றாள் கோமளா. "சார், நான் சொன்னேன்ல? இவரேதான் பொருத்தம். இனிமே நான் சொல்றதைக் கேக்கறதா பந்தயம்."

"எதுக்குப் பொருத்தம்?"

"நம்ம நாடகத்துக்கும் படத்து முடிவுதான் தம்பி" என்றார் திருவேங்கடம். "அம்மாதான் கொலைகாரி. காப்பி குடிச்சுட்டுக் கடைசி வரைக்கும் நாற்காலியில கெடக்கறதுக்குத்தான் ஆள் கிடைக்காம இருந்தது."

"காப்பியை நானே ஊட்லேர்ந்து போட்டுகினு வந்துடறேன் சார்" என்றாள் கோமளா.

எத்திராஜ் பதறிப்போய் வாயைத் திறந்தான்.

திருவேங்கடம் கையை உயர்த்தினார். "பொணத்துக்கு வசனம் கிடையாது தம்பி."