மாஸ்டர் சாவுக்குப் போட்ட தொப்பி

என் தலையில் எதுவும் தங்காது. பள்ளிக்கூடப் பாடம் தங்கவில்லை, முடியும் ரொம்ப நாள் தங்கவில்லை. ஒரே ஒரு நாள் ஒரு தொப்பி தங்கியது. அது கழன்று வரவேண்டிய நாள்.

எழுபதுகளில் திருத்தணியில் ஒரு கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதிக்கொண்டிருந்தேன். (ஊதினேன் என்பது என் கட்சி. கேட்டவர்கள் வேறு சொல்வார்கள்.) உள்ளே அட்டை வைத்துத் தைத்த சிவப்பு வெல்வெட் தொப்பிதான் எங்கள் கௌரவம். செட்டை நடத்திய மாஸ்டர், தன் தொப்பி நசுங்காமல் சொம்பின் மேல் கவிழ்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். நான் என்னுடையதைத் தலைக்கு வைத்துத் தூங்குவேன், அது நசுங்கித் தொங்கும்.

“தொப்பி தொங்கிகினு கீது பாரு. யார் வூட்டு எழவுடா இது?” என்று மாஸ்டர் கல்யாணப் பந்தலிலேயே என்னைப் பார்த்துக் கத்துவார்.

கடைசியில் அவர் வீட்டிலேயே எழவு விழுந்தது. ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது, போய்விட்டார். அப்பா இல்லாத எனக்கு, திட்டுவதற்கென்று இருந்த ஒரே மனிதர். அவருடைய கடைசி ஊர்வலத்திலாவது என் தொப்பி நிமிர்ந்து நிற்க வேண்டும். வேறு எப்படி மரியாதை செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த பாவாவிடம் (அக்கா புருஷன்) ஓடினேன்.

“பாவா, கஞ்சி போட்டா நிக்குமா?”

“கஞ்சி மழையில கரைஞ்சிடும்டா. புளியங்கொட்டைப் பசை போட்றேன். தலையே போனாலும் தொப்பி போவாது.”

உள்ளேயும் வெளியேயும் தாராளமாகத் தடவி, குடத்தின் மேல் கவிழ்த்தார். விடிந்தபோது வெளியே தேங்காய் ஓடு மாதிரி இருந்தது. உள்ளே காய்ந்ததா என்று இரண்டு மேதாவிகளும் தொட்டுப் பார்க்கவில்லை.

ஊர்வலத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. முதல் முறையாக என் தொப்பி விறைப்பாக நின்றது. பார்க்க வேண்டியவர் பாடையில் கண்மூடிக் கிடந்தார். அழுதுகொண்டேதான் ஊதினேன்.

சுடுகாட்டில் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். என்னுடையது அசையவில்லை.

“இன்னாய்யா, எங்கப்பாவுக்குத் தொப்பிகூட எடுக்க மாட்டியா?” என்றான் மாஸ்டர் மகன்.

இழுத்தேன். டிரம்காரர் இழுத்தார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். (பாதி துக்கம், பாதி முடி.) கொள்ளி வைக்கும் மகனுக்கு மொட்டை போட வந்தவர், “உக்காருப்பா” என்று கத்தியை நுழைத்து, தொப்பியை முடியோடு பெயர்த்தெடுத்தார். மிச்சத்தையும் வழித்துவிட்டார்.

மகனும் நானும் ஜோடி மொட்டையாகத் திரும்பினோம். மாஸ்டருக்கு இன்னொரு குடும்பமா என்று தெருவே முணுமுணுத்தது. மாஸ்டர் சம்சாரம் கூப்பிட்டனுப்பினார். நடந்ததைச் சொன்னேன். அந்தம்மா ஒன்றுதான் கேட்டார்:

“தொப்பி வெறப்பா நின்னுச்சா?”

“ஆங், நின்னுச்சிங்க.”

“அது போதும்பா. அதுக்குத்தான கத்திகினே இருந்தாரு.”

அந்தத் தொப்பி இன்னும் எங்கள் பீரோ மேல் இருக்கிறது, ஒரு நெளிவு கிடையாது. யார் வந்தாலும் என் மகள் அதைத் திருப்பிக் காட்டுவாள்: “எங்கப்பாவுக்கு மிச்சம் கீற கறுப்பு முடி இவ்ளோதான்.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, அதை எடுத்து, மாஸ்டர் வைப்பதுபோலச் சொம்பின் மேல் கவிழ்த்து வைப்பேன்.