சூப்பர் மார்க்கெட்டை வென்ற குடியிருப்பு

நாட்டுக்காகப் போராடியவர்கள் உண்டு, கொள்கைக்காகப் போராடியவர்கள் உண்டு. உருளைக்கிழங்குக்காக ஒரு சூப்பர் மார்க்கெட்டையே எதிர்த்து நின்றவர், அந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் ஒருவர்தான்.

திட்டம் எளிது. மகத்தான திட்டங்கள் எல்லாம் எளிதாகவே இருக்கும். ஊருக்கு வெளியே உள்ள பண்ணைக்கே போய், நாற்பது வீட்டுக்கும் சேர்த்து மூட்டை மூட்டையாக வாங்குவது. இடைத்தரகர் கிடையாது. சூப்பர் மார்க்கெட் விலையில் பத்தில் ஒரு பங்கு மிச்சம். பண்ணையில் புறப்பட்ட கிழங்கு நேராக "மக்களிடம்" போய்ச் சேர்ந்தது. வழியில் ஒரே ஒரு இடத்தில்தான் நின்றது. அது செயலாளரின் மனைவி துணி தைக்கும் அறை.

சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு மூட்டை வந்து இறங்கும். தையல் மெஷின் சுவரோடு ஒண்டிக்கொள்ளும். அழுகலைப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, நாற்பது பைகளில் எடை போட்டு, வீட்டு எண் எழுதி அவள் நிமிர ஞாயிறு சாயங்காலம் ஆகிவிடும். ஆண்டறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரி எழுதத்தான் செயலாளர் நினைத்தார். சங்கத் தலைவரின் புகைப்படம் பெரிதாகிப் போனதில் இடம் போதவில்லை.

அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடம் அவளிடம் அறுபது சீருடை கேட்டிருந்தது. இத்தனை வருடத்தில் அவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். திங்கட்கிழமை காலைக்குள் கொடுக்கவில்லையென்றால் அடுத்த ஆர்டர் வேறொருவருக்குப் போய்விடும். இன்னும் இருபது பாக்கி.

"என்னங்க, இந்த ஒரு வாரம் மூட்டைய வேற வீட்டுல இறக்கச் சொல்லுங்களேன்."

"யார் வீட்டுல இறக்குறது? தலைவர் இப்பதான் புது சோபா போட்டிருக்காரு. பொருளாளருக்கு மண்ணு ஆகாது, தும்முவாரு."

"எனக்கு மட்டும் அது பவுடரா?"

"நீ வீட்டுல சும்மாதானே இருக்கே!"

நாற்பது சீருடைகளைத் தைத்து முடித்துவிட்டுச் "சும்மா" இருந்தவள் அடுத்த சீருடைக்குத் துணி வெட்டப் போனாள். சனிக்கிழமை விடிந்ததும் தையல் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மூட்டைகள் படிக்கட்டில் உட்கார்ந்தன.

செயலாளர் கதவைத் தட்டினார். "ஏம்மா, மக்கள் காத்துக்கிட்டு இருக்காங்க!"

"மக்களையே வந்து பொறுக்கச் சொல்லுங்க." மெஷின் மறுபடியும் கடகடத்தது.

மக்கள் வந்தார்கள். மூட்டைகளைப் பார்த்தார்கள். முதல் மாடி டீச்சருக்கு அந்த நிமிடமே இடுப்புப் பிடித்துக்கொண்டது. மற்றவர்களுக்கு அவசர வேலைகள் ஞாபகம் வந்தன.

ஞாயிறு மாலை, படிக்கட்டிலேயே அவசரப் பொதுக்குழு கூடியது. பொறுக்கி எடை போட இரண்டு ஆளுக்குக் கூலியும், மூட்டை வைக்க ஓர் அறைக்கு வாடகையும் விசாரிக்கப்பட்டன. பொருளாளர் நான்கு தும்மலுக்கு நடுவே கூட்டிப் பார்த்தார். கிழங்கின் விலை சூப்பர் மார்க்கெட்டையும் தாண்டிப் போய் நின்றது.

"அதெப்படி சார்?" என்றார் டீச்சர், இடுப்பில் கை வைத்தபடி. "அவனும் அதே பண்ணையிலதான் வாங்குறான். கடை வாடகை, கரண்டு, ஏசி, அத்தனை பேருக்குச் சம்பளம். அப்புறம் எப்படி நம்மளவிடக் கம்மியா விக்க முடியுது?"

செயலாளர் நெடுநேரம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதுல பெரிய அக்கிரமம் இருக்கு டீச்சர். அவன் யாரையோ சம்பளமே குடுக்காம வேலை வாங்குறான்!"

குடியிருப்பு கொதித்தது. "மனசாட்சி இல்லாதவன்!" என்றார் தலைவர். பிறர் உழைப்பை ஓசியில் உறிஞ்சுபவர்களை வன்மையாகக் கண்டித்து அங்கேயே தீர்மானம் எழுதப்பட்டது.

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க!"

அறுபது சீருடைகளையும் மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு, உருளைக்கிழங்கைத் தாண்டித் தாண்டி இறங்கிக்கொண்டிருந்த செயலாளரின் மனைவி ஒரு நிமிடம் நின்றாள். மூட்டையைக் கீழே வைத்தாள். கணவர் முகத்தை நேராகப் பார்த்தபடி இரண்டு கைகளையும் தூக்கினாள்.