பின் அறையும் நகத்தளவு கார்டும்

இந்த வருஷம் மச்சினன் குற்றாலீஸ்வரனுக்குப் பின் அறையைக் கொடுப்பதில்லை என்று நாறும்பூநாதன் முடிவு கட்டிவிட்டார். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் போதும், மச்சினன் சென்னையிலிருந்து குடும்பத்தோடு குத்துக்கல்வலசையில் இவர் வீட்டில் வந்து இறங்கிவிடுவான். பத்து நாள் அருவி, பத்து நாள் பரோட்டா, பத்து நாள் குறட்டை. ஈரத் துண்டைக் காயப்போட நாறும்பூநாதனின் நாற்காலிதான் அவனுக்கு வாகாக இருக்கும்.

மனைவி பொன்செல்வியிடம் நேரடியாக "முடியாது" என்று சொல்லும் தைரியம் அவருக்குக் கிடையாது. ஆனால் மூளை இருந்தது. ஒரு காலத்தில் தென்காசியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவர். அந்த நாளைய பிளாப்பி, சி.டி., ஹார்டு டிஸ்க் எல்லாம் பரணில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அவள் வருஷக்கணக்காகக் கத்தியும் அதில் கை வைக்காதவர், ஒரே நாளில் எல்லாவற்றையும் இறக்கிப் பின் அறையில் கால் வைக்க இடமில்லாமல் பரப்பினார்.

"தம்பி வருதான். இதென்ன கோலம்?"

"ஏட்டி, தொடாத! எல்லாம் டேட்டா. ஆள் மூச்சு பட்டாலே பூஞ்சை புடிச்சிரும்."

பொன்செல்வி சண்டைக்கு வரவில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். அவள் ஒரு பிளாப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எவ்வளவு புடிக்கும்?"

இப்படிக் கேட்க ஆள் கிடைத்து எத்தனை காலமாயிற்று! அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இப்ப உன் போன்ல எடுக்குத ஒரு போட்டோகூட இதுல அடங்காது. அன்னைக்கு ஒரு கடைக் கணக்கே இதுக்குள்ள இருக்கும். பொறவு சி.டி. வந்துது. அந்த மூட்டை பிளாப்பி பூரா ஒரே சி.டி.ல அடங்கிரும். அதுக்குப் பொறவு பென் டிரைவு..."

"இப்ப?"

"இப்பவா? இந்த ரூமு மொத்தமும் ஒரு நகத்தளவு கார்டுல அடங்கிரும்!"

"சும்மா அளக்காதிய."

"அளக்கேனா? யாருகிட்ட சொல்லுத!"

மானப் பிரச்சினை ஆகிவிட்டது. பழைய கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி, ஒவ்வொன்றாகப் போட்டுக் காப்பி எடுத்தார். சாப்பாடு அறைக்கே வந்தது. கேட்காமலே சுக்கு காப்பியும் வந்தது. கடைசியில் கார்டை விரல் நுனியில் ஏந்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினார்.

"பாத்தியா? பூரா இதுல!"

"அம்மாடி! அப்போ அந்த மூட்டையெல்லாம்?"

"அதுவா? வெறும் கூடு!" என்றார் பெருமை தாங்காமல்.

அவள் கார்டைப் பயபக்தியோடு வாங்கிக் குங்குமச் சிமிழில் வைத்தாள்.

மறுநாள் அவர் அருவியில் குளித்துவிட்டு வந்தபோது, பழைய சாமான் வாங்குகிறவரின் வண்டி நிறைபாரத்தோடு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பின் அறை கழுவி மெழுகிக் கோலம் போட்டிருந்தது. சரி, பத்து நாள்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

வாசலில் லாரி வந்து நின்றது. கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் இறங்கின. பின்னாலேயே குற்றாலீஸ்வரன் குதித்தான்.

"மாப்ளே, சாரலுக்கு வாறவன் பீரோவை எதுக்குத் தூக்கிட்டு வாற?"

"அக்கா சொல்லலியா அத்தான்? எனக்குத் தென்காசிக்கே மாத்தலாயிட்டு. ரூமையும் பரணையும் நீங்களே காலி பண்ணித் தருவியன்னு அக்கா போன மாசமே சொல்லிட்டாளே!"