இரட்டிப்புப் பிகு

பிகுக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. கொம்பும் வாலும் இல்லாததால் கூட்டத்தில் சட்டென்று அடையாளம் தெரியாது. கையிலிருக்கும் ஃபோனைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாமெல்லாம் எதற்கு ஃபோன் வைத்திருக்கிறோம்? பதில் சொல்ல. இவர் பதில் சொல்லாமல் இருப்பதற்காக வைத்திருக்கிறார். ஒருத்தி மேல் உயிரையே வைத்திருப்பார், அவளிடமிருந்து "சாப்டாச்சா?" என்று ஒரு வரி வந்துவிட்டால் காது மடல் சிவக்கும், எதிரே வருகிற தபால்காரரைப் பார்த்துக்கூடச் சிரித்து வைப்பார், மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவுவார், ஆனால் அந்த வரிக்கு "ஆச்சு" என்று மூன்றெழுத்து தட்ட அவருக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் பிடிக்கும். விரலில் சுளுக்கா என்று கேட்காதீர்கள். பிகு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிடிக்காதவர்களுக்கு இவர் உடனுக்குடன் பதில் போட்டுவிடுவார். தவறான எண்ணுக்கு வந்த செய்திக்குக்கூட "நீங்கள் தேடுபவர் நான் இல்லை, மன்னிக்கவும்" என்று முப்பது நொடியில் விடை போய்விடும். ஆசை ஏற ஏறத் தாமதமும் ஏறும். ஆகவே உலகத்திலேயே இவரிடம் அதிகமாகக் காத்துக்கிடப்பவள் யாரோ, அவளைத்தான் இவர் அதிகமாகக் காதலிக்கிறார் என்று அர்த்தம். பாவம், அந்த விஷயம் அவளுக்கு மட்டும் தெரியாது.

இந்த இனத்தில் பெண்களும் ஏராளம். அவர்களைப் பற்றி எழுதிவிட்டு நான் வீட்டுக்குப் போக வேண்டியிருப்பதால், ஓர் ஆணையே எடுத்துக்கொள்வோம்.

நம்ம ஆளுக்கு வயது முப்பத்துமூன்று. லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை. யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கூப்பிட்டால், அந்த அவசர ஃபோனை எடுக்கிறவன் இவன்தான். ஜன்னல் இல்லாத சின்ன அறை, இரண்டு ஃபோன், ஒரு திரை, மேஜை மேல் பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டை. எடுத்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று அந்த அட்டையில் அச்சடித்திருக்கும்: "வணக்கம், லிஃப்ட் அவசர உதவி. பதறாதீங்க, நான் இருக்கேன்." கதவைத் திறக்க ஆள் போய்ச் சேரும்வரை லைனை வைக்கக் கூடாது, பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். நம்ம ஆள் இதில் சூரன். ஆறு வருஷத்தில் அந்த ஃபோனை இரண்டாவது மணி அடிக்க விட்டதே இல்லை. அதற்காக அவனுக்குக் கொடுத்த சான்றிதழ் தலைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

அப்பேர்ப்பட்டவனுக்குப் பிகு எங்கிருந்து வந்தது? அத்தானிடமிருந்து. அக்காவின் கணவர், பெயிண்ட் கடையில் வேலை, பதினோரு நிமிஷ வீடியோக்களாகப் பார்த்துப் பார்த்தே மனோதத்துவத்தைக் கரைத்துக் குடித்தவர்.

"மாப்ளே, மனோதத்துவம் என்ன சொல்லுது? கிடைக்காததுக்குத்தான் மனசு ஏங்கும். அவ ஒரு நிமிஷம் எடுத்துக்கிட்டா நீ ரெண்டு எடு. அவ ஒரு மணி நேரம்னா நீ ரெண்டு மணி. இரட்டிப்பு! முதல் கால் வந்தா எடுக்கவே கூடாது. பல்லைக் காட்டிக்கிட்டு ஓடினேன்னு வெச்சுக்கோ, மதிக்க மாட்டா."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் ஃபோன் சிணுங்கியது. அடுத்த அறையிலிருந்து அக்கா. மணி பாதிகூட அடிக்கவில்லை, மனிதர் எழுந்து நின்றே எடுத்துவிட்டார். "இதோ வந்துட்டேம்மா!"

"உங்களுக்கு இரட்டிப்பு இல்லையா அத்தான்?"

"கல்யாணத்துக்கு அப்புறம் வேற சிலபஸ் மாப்ளே."

அக்காவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் அழைத்துப்போனான். நாலாவது மாடியில் கிளினிக். அவள் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்க ஒரு உடம்பு தேவைப்பட்டது. "இவரை வெச்சுக் காட்டறேன்" என்று நம்ம ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து, தோள்பட்டை எலும்புக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். "மூச்சை விடுங்க" என்றாள். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது, தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது. அக்காவின் வலி மூன்று வாரத்தில் போய்விட்டது. இவனுக்கு அந்த இரண்டு விரல் பட்ட இடம் இன்னும் தனியாகத் தெரிகிறது.

அவளுக்கும் இவனைப் பிடித்துப்போனது. அதை மறைக்கவும் இல்லை அவள். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள். "லிஃப்ட் கம்பெனியில ஆபரேஷன்ஸ்" என்றான். ஃபோன் எடுக்கிறேன் என்று சொன்னால் வெயிட்டு என்னாவது? டீ குடிக்கப் போனார்கள், பூங்காவில் நடந்தார்கள். ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவள் முட்டி இவன் முட்டியில் பட்டது, பட்டது விலகவில்லை. அவன் உடம்பு முழுக்க அந்த ஒரு முட்டியாகிவிட்டது. உடம்பு ஒன்று சொல்கிறது, அத்தான் ஒன்று சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? இரண்டு விரற்கடை நகர்ந்து உட்கார்ந்தான். அவள் அந்த இடைவெளியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு தன் கைப்பையை எடுத்து நடுவில் வைத்துக்கொண்டாள்.

பிகுக்காரர்களின் அகராதி ரொம்பச் சின்னது. "பார்க்கலாம்." "கொஞ்சம் பிஸி." "ஓ, அப்படியா." இந்த மூன்றை வைத்துக்கொண்டே நாலு மாசம் ஓட்டினான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே என்னவோ பேச்சு ஆறாக ஓடுகிறது. செய்தியைத் திறந்தால் மனசு கேட்காமல் பதில் போட்டுவிடுவோமோ என்ற பயத்தில், திரையில் எழுத்துத் தெரியாதபடி ஃபோனை மாற்றி வைத்து, அதையும் குப்புறக் கவிழ்த்து, அதையும் மேஜை டிராயருக்குள் ஸ்டேப்ளர் டப்பா மேல் வைத்துப் பூட்டிவிடுவான். அது உள்ளே உறுமும். இவன் கடிகாரத்தைப் பார்ப்பான்.

ஒரு சாயங்காலம் டீக்கடையில் அவள் சொன்னாள்: "நாள் பூரா அடுத்தவங்க வலியைக் கேட்டுக்கிட்டே இருக்கேன். எனக்குப் பெரிசா ஒண்ணும் வேணாம். யாராவது ஒருத்தர் 'பதறாதே, நான் இருக்கேன்'னு சொன்னா போதும்."

ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்கிற வாக்கியம் ஐயா அது! மேஜையில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்! தொண்டைவரை வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டு, "பார்க்கலாம்" என்றான்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்குப் பிடிச்சிருக்கான்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள எனக்கு உசிரு போகுது. இன்னும் ஒரே ஒரு தடவை. எனக்கு நீங்க வேணும்ங்கற நேரத்துல நீங்க இல்லேன்னா, அதோட சரி. நான் தேட மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் அத்தானிடம் ஒப்பித்தான். அத்தான் தொடையைத் தட்டினார். "பழுத்துடுச்சு மாப்ளே! இந்த நேரத்துல விட்டுக்கொடுத்துடாதே."

நாலு நாள் கழித்து, மத்தியானம் மூன்று பத்து. டிராயர் உறுமியது. அவள்தான், அவளுக்கென்று தனி உறுமல் வைத்திருக்கிறான். காலையில் இவன் கேட்டதற்கு அவள் ஒன்பது நிமிஷத்தில் பதில் போட்டிருந்தாள். ஆகவே பதினெட்டு. மூன்று இருபத்தெட்டுக்குத் திறக்கலாம். திரையைப் பார்த்தான், கட்டட வரிசையைச் சரிபார்த்தான், பேனாவை மூடித் திறந்தான்.

மூன்று பதிமூன்றுக்கு மறுபடி உறுமல். பதில் போடாமலே இரண்டாவது செய்தியா? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். மூன்று பதினாறுக்கு மூன்றாவது. அத்தான் தெய்வம்! மூன்று பத்தொன்பதுக்கு வந்தது நீளமான உறுமல்; கால். அவளே கூப்பிடுகிறாள்! முதல் கால் வந்தால் எடுக்கக் கூடாது. டிராயர் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனந்தத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உறுமல் நின்றது. நாலு மாசத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவன் அனுபவித்ததில்லை.

மூன்று இருபத்துநாலுக்கு மேஜை மேலிருந்த கம்பெனி ஃபோன் அடித்தது. ஒரே மணி. எடுத்துவிட்டான்.

"வணக்கம், லிஃப்ட் அவசர உதவி. பதறாதீங்க, நான் இருக்கேன்."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். "யாரு பேசறது?"

"உதவிப் பிரிவுங்க. எந்த பில்டிங்..."

"யாருன்னு கேட்டேன்."

குரல் பிடிபட்டது. காதுக்குள் யாரோ வெந்நீர் ஊற்றியதுபோல் இருந்தது. "நான்தான்" என்றான்.

அவளோடு லிஃப்டுக்குள் இன்னொருவரும் இருந்தார். காலில் மாவுக்கட்டோடு சிகிச்சைக்கு வந்த ஃபுட்பால் கோச். "என்னம்மா, ஆள் வர்றாங்களாமா?" என்று அவர் கேட்பது இங்கே கேட்டது.

"தெரியல சார். 'நான் இருக்கேன்'கறாரு."

கை பழக்கத்தில் வேலையைச் செய்தது. மற்ற ஃபோனில் மெக்கானிக்கை விரட்டினான். அட்டையில் அடுத்த வரி என்ன? வாய் தானாகக் கேட்டது: "எவ்வளவு நேரமா மாட்டியிருக்கீங்க?"

"பதினாலு நிமிஷமா. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. அலாரம் வேலை செய்யல, கத்தினா யாருக்கும் கேக்கல. நீங்க லிஃப்ட் கம்பெனியாச்சேன்னு உங்களுக்குத்தான் முதல்ல சொன்னேன். இந்த நம்பர் சாரோட முதுகுக்குப் பின்னாடி இருந்திருக்கு, இப்பத்தான் பார்த்தோம். மூணு மெசேஜ், ஒரு கால். நீங்க பாக்கலையா?"

ஃபோன் சார்ஜில் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். மீட்டிங்கில் இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். பொய்க்கா பஞ்சம்? ஆனால் ஆறு வருஷமாக அந்த ஃபோனில் அவன் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

"வந்தது தெரியும். பாக்கலை. மூணு இருபத்தெட்டுக்குப் பாக்கலாம்னு இருந்தேன்."

"அது என்ன மூணு இருபத்தெட்டு?"

சொன்னான். இரட்டிப்பைச் சொன்னான், டிராயரைச் சொன்னான், அத்தானைச் சொன்னான். லைனை வைக்கக் கூடாது, பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு பேச இவனிடம் என்ன இருக்கிறது? நாலு மாசமாக விழுங்கினதெல்லாம் வெளியே வந்தது. "நீங்க தோள்ல கை வெச்சப்போ எனக்கு மூச்சே நின்னுபோச்சு. இன்னும் அந்த இடம் அப்படியே இருக்கு. பெஞ்சுல முட்டி பட்டுச்சே, எனக்கு நகர மனசே இல்ல..."

"அப்புறம் ஏன்யா நகர்ந்தே?" இது கோச்; அவள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அத்தான் சொன்னாரு சார்."

கோச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், எல்லா அழைப்பையும் பதிவு செய்து ஒட்டுக்கேட்பதே வேலையாக இருக்கும் மேற்பார்வை அம்மாள் காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் லிஃப்டுக்குள்ளிருந்து அவள். "முன்பின் தெரியாதவங்க கூப்பிட்டா முதல் மணியில எடுக்கறீங்க. கேக்காமலே 'நான் இருக்கேன்'னு சொல்றீங்க. அதை உங்க வாயால கேக்கறதுக்கு நான் லிஃப்ட்ல மாட்டணுமா?"

அட்டையைப் பார்த்தான். இதற்கு அதில் பதில் போட்டிருக்கவில்லை.

பதினெட்டு நிமிஷத்தில் மெக்கானிக் போய்ச் சேர்ந்தார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது, கோச்சின் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. அட்டையின் கடைசி வரியைச் சொன்னான்: "வேற ஏதாவது உதவி வேணுமா?"

"உங்க கணக்கு இரட்டிப்புதானே? நீங்க நாலு மாசம் எடுத்துக்கிட்டீங்க. நான் எட்டு மாசம் எடுத்துக்கறேன். அப்புறம் பதில் சொல்றேன்."

"சரி" என்றான். அரை நொடிகூட ஆகவில்லை. நாலு மாசத்தில் அவளுக்கு அவன் உடனே கொடுத்த முதல் பதில் அதுதான்.

மேற்பார்வை அம்மாள் வந்து முதுகில் தட்டிக்கொடுத்தாள். "மாட்டிக்கிட்டவங்களை நல்லாத்தான் பேச்சுல வெச்சிருந்தே. அந்த முட்டி விஷயத்தை மட்டும் வெட்டிட்டு புது ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டலாம்." நம்ம ஆளுக்கு அது காதில் விழவில்லை. டிராயரைத் திறந்து, அந்த மூன்று செய்தியையும் படித்துக்கொண்டிருந்தான். முதலாவது: "உங்க லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்." இரண்டாவது: "இருட்டா இருக்கு." மூன்றாவதில் ஒரே வார்த்தை: "இருக்கீங்களா?"

இப்போது மூன்றாவது மாசம் நடக்கிறது. தினமும் காலையில் ஒரு வரி அனுப்புகிறான். அவள் படித்துவிடுகிறாள், பதில் போடுவதில்லை. அவன் ஃபோன் மேஜை மேல் மல்லாந்து கிடக்கிறது. டிராயரில் ஸ்டேப்ளர் மட்டும்தான். அத்தான் மட்டும் அசரவில்லை. "படிக்கறா, பதில் போடலையா? அப்படின்னா பிகு பண்றா மாப்ளே. பிகு பண்றான்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்!" என்கிறார். அத்தான் சொல்வது உண்மையாக இருக்க வேண்டுமே என்று நம்ம ஆள் நெஞ்சார வேண்டிக்கொள்கிறான்.

அவன் கதை அவனோடு. உங்கள் விஷயத்துக்கு வருவோம். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் உங்கள் ஃபோன் ஒரு தடவை அதிர்ந்ததே, நான் கவனிக்கவில்லை என்று நினைத்தீர்களா? யாரென்று பார்த்தீர்கள். உதட்டோரம் லேசாகச் சிரித்தீர்கள். "இதைப் படிச்சு முடிச்சுட்டுப் போட்டுக்கலாம்" என்று கவிழ்த்து வைத்தீர்கள். சரி, படித்து முடித்தாயிற்று. இப்போது எதற்குக் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்?